விடுபட்ட எட்டு எழுத்துகள்

ஒரு நெற்பயிர் மணமுள்ளதா என்று அறிய, அது கதிர்விட்டு, முற்றி, அறுத்து, குத்தி, உலையில் வேகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலையே சொல்லிவிடும். தில்லி பூசா வளாகத்திலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பி.சி.சூட், இ.ஏ.சித்திக் இருவரும் 1978இல் இதற்கு ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு கிராம் இலையைப் பொடியாக நறுக்கிக் கண்ணாடித் தட்டில் போட வேண்டும். 1.7 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைப் பத்து மில்லிலிட்டர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து முகர வேண்டும். மணமுள்ள ரகமென்றால் சோறு பொங்கும் அடுக்களையின் வாசனை தட்டிலிருந்து எழும். பயிர்ப் பெருக்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்த கருவி இவ்வளவுதான்: ஒரு தட்டும் ஒரு மூக்கும்.

ஆனால் மூக்கை வைத்து மரபியல் கணக்குப் போடுவது கடினம். காலையில் கூர்மையாக இருக்கும் மூக்கு பிற்பகலில் மழுங்கிவிடும். ஒருவருக்கு மணப்பது அடுத்தவருக்கு மணப்பதில்லை. மணத்தைப் பற்றி 20ஆம் நூற்றாண்டில் வெளியான ஆய்வுகள் அதனால்தான் ஒன்றோடொன்று மோதின. மணம் ஓங்கு பண்பு என்றது ஒன்று, ஒடுங்கு பண்பு என்றது மற்றொன்று. ஒரே மரபணு போதும் என்றவர்கள் இருந்தார்கள்; இரண்டு, மூன்று வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். முகர்வது எதை என்று தெரியாமல் அது எப்படிக் கடத்தப்படுகிறது என்று சொல்ல முடியாது. வேதியியலாளர்கள்தான் இந்த முடிச்சை முதலில் அவிழ்த்தார்கள்.

கலிபோர்னியாவின் ஆல்பனி நகரில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் ஒன்று இருக்கிறது. உணவுகளின் மணத்தைப் பிரித்தறிவதில் பேர்பெற்ற ரான் பட்டரி அங்கே பணியாற்றினார். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பியென்வெனிடோ ஹுலியானோவும் சேர்ந்துகொள்ள, வேகும் சோற்றின் ஆவியைப் பிடித்து, அதிலுள்ள சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1982இல் விடை வந்தது: 2-அசிட்டைல்-1-பைரோலின். சுருக்கமாக 2ஏபி. ஆயிரம் கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு கலந்திருந்தாலும் மனித மூக்கு இதைக் கண்டுகொள்ளும். அரிசியில் இருக்கும் அளவும் மிகச் சிறிதே. பிலிப்பைன்ஸின் மலக்கிட் சுங்சோங் என்ற ஒட்டும் அரிசியில் பத்துக் கோடியில் ஒன்பது பங்கு. பாசுமதி 370இல் பத்துக் கோடியில் ஆறு பங்கு. சாதாரண அரிசியிலும் அது அறவே இல்லாமல் இல்லை, ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. ஆகவே மணமுள்ள நெல்லுக்கும் மணமற்ற நெல்லுக்கும் உள்ள வேறுபாடு அளவு சார்ந்தது. அந்த அளவை எது கட்டுப்படுத்துகிறது என்பதே அடுத்த கேள்வியாயிற்று.

அதே ஆய்வகம் ரம்பை இலையையும் ஆராய்ந்தது. அதில் 2ஏபி மணமுள்ள அரிசியைவிடப் பத்து மடங்கு அதிகம். இலங்கையில் சோற்றிலும் கறியிலும் ரம்பை போடுபவர்களும், தாய்லாந்தில் சாதாரண அரிசியோடு இந்த இலையைச் சேர்த்து வேகவைப்பவர்களும், வேதியியலின் துணையின்றியே சரியான மூலக்கூற்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். ரொட்டியின் பொரிந்த ஓரத்திலும், சூடான சோளப்பொரியிலும், தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் பிண்ட்டுராங் என்ற மரநாயின் சிறுநீரிலும்கூட இதே சேர்மம் உண்டு. ஆனால் ரொட்டியிலும் பொரியிலும் அதை உண்டாக்குவது நெருப்பு. நெல்லில் உயிருள்ள செடியே அதைச் செய்கிறது. வேரைத் தவிர இலை, தாள், பூ, மணி எல்லாவற்றிலும் செய்கிறது. சீரகச் சம்பா பூக்கும் வயலின் வரப்பில் நடந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

1992இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் டேங்க்ஸ்லியின் குழு, மணத்துக்குக் காரணமான மரபணு நெல்லின் 12 குரோமோசோம்களில் எட்டாவதில் இருப்பதாகக் காட்டியது. மணம் ஒடுங்கு பண்பு என்பதும் இதோடு உறுதிப்பட்டது: தாய், தந்தை இரண்டிலிருந்தும் மண வடிவம் வந்தால்தான் செடி மணக்கும். ஆனால் இடம் தெரிந்ததே தவிர, அங்கிருக்கும் மரபணு எது என்று தெரியவில்லை. அதற்கு இன்னும் 13 ஆண்டுகள் ஆயின. நெல்லின் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டு வந்த காலம் அது. ஆஸ்திரேலியாவின் லிஸ்மோரில் உள்ள சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகத்தில் லூயி பிராட்பரி, ராபர்ட் ஹென்றி, டேனியல் வாட்டர்ஸ் உள்ளிட்டோர் மணமுள்ள ரகங்களின் டி.என்.ஏ.வையும் மணமற்றவற்றின் டி.என்.ஏ.வையும் அந்தப் பகுதியில் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். 2005இல் விடையை வெளியிட்டார்கள். தாய்லாந்தின் கசெட்சார்ட் பல்கலைக்கழகத்தில் அபிசார்ட் வனாவிசிட்டின் குழுவும் தனியாக அதே மரபணுவுக்கு வந்து சேர்ந்தது.

பீட்டெய்ன் ஆல்டிஹைடு டிஹைட்ரஜனேஸ்-2 என்ற நொதியைச் செய்யும் மரபணு அது. ஆய்வாளர்கள் அதை ‘பேட்2’ என்று சுருக்கி அழைக்கிறார்கள். மணமற்ற நெல்லில் இந்த மரபணு முழுமையாக இருக்கிறது. பாசுமதியிலும் தாய்லாந்தின் ஜாஸ்மின் அரிசியிலும் அதன் ஏழாவது பகுதியில் எட்டு எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. டி.என்.ஏ. மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுவது. எட்டு மூன்றால் வகுபடாது. ஆகவே எட்டு எழுத்து போனதும் அதற்குப் பின்னாலுள்ள எல்லா மூன்றெழுத்துக் கூட்டங்களும் இடம்பெயர்கின்றன; பொருளற்ற சொற்கள் உருவாகின்றன; அவற்றில் ஒன்று ‘நிறுத்து’ என்ற கட்டளையாக அமைந்துவிடுகிறது. 503 அமினோ அமிலங்கள் கொண்டதாக இருக்க வேண்டிய புரதம் ஏறத்தாழ பாதியிலேயே, 251இல், முறிந்துவிடுகிறது. அந்தத் துண்டுக்கு வேலை செய்யத் தெரியாது.

நாம் விலை கொடுத்து வாங்கும் மணம், இப்படிப் பார்த்தால், ஒரு பழுதின் விளைவு. மணத்தை உண்டாக்கும் தனிப்பட்ட மரபணு எதையும் பாசுமதி பெற்றிருக்கவில்லை. மற்ற நெல்லிடம் இருக்கும் ஒன்றை அது இழந்திருக்கிறது. ஓர் இழப்பு எப்படி மணமாகிறது?

செடியின் செல்லுக்குள் புரோலின், ஆர்னிதின் போன்ற அமினோ அமிலங்களிலிருந்து காமா-அமினோபியூட்டிரால்டிஹைடு என்ற சேர்மம் இடைவிடாமல் உருவாகிக்கொண்டிருக்கிறது. அதைக் ‘காபா’ என்ற அமிலமாக மாற்றி அனுப்புவதே பேட்2 நொதியின் வேலை. நீர் வரத்து நிற்காத ஏரியில் மதகு அடைபட்டால் என்ன ஆகும்? மட்டம் உயரும். நொதி முறிந்துபோன செடியிலும் அதுதான் நடக்கிறது. தேங்கும் சேர்மம் தானாகவே வளைந்து ஒரு சிறு வளையமாகிறது. அந்த வளையத்தோடு அசிட்டைல் தொகுதி சேரும்போது 2ஏபி பிறக்கிறது. இது ஊகமில்லை. 2008இல் சீன ஆய்வாளர்கள் மணமுள்ள நெல்லில் முழுமையான பேட்2 மரபணுவைச் செலுத்திப் பார்த்தார்கள். மணம் போய்விட்டது.

இதைவிட வியப்பூட்டும் சான்று நெல்லுக்கு வெளியே கிடைத்தது. சோயா அவரை, சோளம், வெள்ளரி ஆகியவற்றில் அபூர்வமாகச் சில ரகங்கள் ரம்பை வாசனை வீசும். தாய்லாந்தில் இளநீரே மணக்கும் தென்னை ரகம் ஒன்று உண்டு. ஆராய்ந்தபோது ஒவ்வொன்றிலும் இதே குடும்பத்து மரபணுதான் பழுதாகியிருந்தது, ஒவ்வொன்றிலும் வேறு வேறு வகையில். ஒரே வடிகால் பல பயிர்களில் தனித்தனியாக அடைபட்டு, அங்கங்கே இருந்த மனிதர்களுக்குப் பிடித்துப்போயிருக்கிறது.

நெல்லில் இது எங்கே, எப்படித் தொடங்கியது? கார்னெலில் மைக்கேல் கோவாக், சூசன் மெக்கவுச் முதலியோர் 2009இல் இதற்கு விடை தேடினார்கள். உலகின் மணமுள்ள ரகங்களில் மிகப் பரவலாக இருப்பது அந்த எட்டெழுத்து இழப்புதான். இமயத்தின் அடிவாரத்துப் பாசுமதியிலும், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தாய்லாந்தின் ஜாஸ்மினிலும் அதே எட்டு எழுத்துகள் அதே இடத்தில் விடுபட்டிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. ஒருமுறை நேர்ந்த இழப்பு கைமாறிப் பரவியிருக்கிறது. நெல்லின் இரு பெரும் குடும்பங்களில் அது பிறந்த இடம் இண்டிகா அல்ல, ஜப்பானிக்கா என்று சுற்றியுள்ள டி.என்.ஏ. காட்டுகிறது. நீண்ட மணி கொண்ட பாசுமதி, மரபணுக் கணக்கில் நம் சம்பா, குறுவைகளைவிட ஜப்பானிக்காவுக்கே நெருங்கிய உறவு. மியான்மரில் கதை வேறு: அங்கே பல மண ரகங்களில் அதே மரபணுவில் வேறு பழுதுகள் இருக்கின்றன. மனிதர்கள் இந்த மணத்தை ஒருமுறைக்கு மேல், வெவ்வேறு கதவுகள் வழியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

செடிக்கு இந்த இழப்பால் நன்மை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. உப்பு நீர் பாய்ச்சிய சோதனைகளில் மணமுள்ள நெல் மற்றதைவிடக் குறைவாகவே மணி பிடித்தது. காட்டில் விட்டிருந்தால் இந்தப் பழுது பெருகியிருக்காது. அதைக் காத்தது விவசாயிகள். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பது அவர்களுக்கு உதவியது. ஒடுங்கு பண்பு இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு செடி மணக்கத் தொடங்கிவிட்டால், அதன் விதையும் அந்த விதையின் விதையும் மணந்துகொண்டே இருக்கும். அந்தச் செடியின் கதிரை யாரோ தனியே கொய்து, விதைநெல்லாக வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்தும் கணக்கும் இல்லாத காலத்தில் நடந்த தேர்வு இது. இன்றைய பயிர்ப் பெருக்கம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

தாய்லாந்தின் புகழ்பெற்ற ரகத்தின் பிறப்பு இதே முறையின் நவீன வடிவம். 1950களின் தொடக்கத்தில் சுந்தோன் சீஹானேன் என்ற வேளாண் அலுவலர் சாச்செங்சாவ் மாநிலத்தின் பாங் கிளா வட்டாரத்து வயல்களில் 199 கதிர்களைச் சேகரித்தார். ஒவ்வொரு கதிரின் விதையும் தனித்தனி வரிசையாக விதைக்கப்பட்டது. 105ஆவது வரிசை தேறியது. 1959இல் ‘காவ் டாக் மாலி 105’ என்ற பெயரில் அது வெளியானது. இன்று உலகம் ஜாஸ்மின் அரிசி என்று வாங்குவதன் மூலவித்து அந்த வரிசைதான். ஒட்டு எதுவும் கட்டப்படவில்லை; விவசாயிகள் காத்து வந்ததிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது, அவ்வளவே. லாகூருக்கு அருகே காலா ஷா காகு ஆய்வுப் பண்ணையில் 1933இல் வெளியிடப்பட்ட பாசுமதி 370உம் அப்படியே.

இந்த இரண்டிலும் குறை ஒன்று இருந்தது. உயரமான செடிகள், உரம் போட்டால் சாய்ந்துவிடும். நாள் அதிகம், மகசூல் குறைவு. 1960களில் குட்டை ரகங்கள் வந்து கோதுமையும் நெல்லும் பெருகியபோது பாசுமதி மட்டும் பின்தங்கியது. பாசுமதியையும் குட்டையாக்க எம்.எஸ்.சுவாமிநாதன் பூசாவில் தொடங்கிவைத்த முயற்சியைப் பல ஆண்டுகள் சுமந்து நடத்தியவர், முதல் பத்தியில் சந்தித்த அதே சித்திக், இளையான்குடியில் பிறந்தவர். குட்டை ரகத்தையும் பாசுமதியையும் ஒட்டுக் கட்டினால் முடிந்தது என்று தோன்றலாம். ஆனால் குட்டை ரகங்களின் இண்டிகா குடும்பத்துக்குப் பாசுமதி தூரத்து உறவு என்பதால் சந்ததியில் பதர் மிகும். மணத்துக்கு ஒரு மரபணு போதும். ஆனால் மணியின் நீளம், வெந்தபின் பக்கவாட்டில் பருக்காமல் நீளவாக்கில் விரிவது, ஒட்டாமல் உதிர்வது என்பவற்றுக்குப் பல மரபணுக்கள் வேண்டும். எல்லாம் ஒரே செடியில் கூட வேண்டும்.

மணமே தன் பங்குக்கு ஒளிந்து விளையாடும். முதல் தலைமுறைச் செடி எதுவும் மணக்காது. இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒன்று மணக்கும். குட்டை ரகத்தோடு மீண்டும் பின்கலப்புச் செய்தால் மணம் மறுபடி மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டு, அடுத்த தலைமுறையில்தான் பார்க்க முடியும். இத்தனையையும் மூக்கையும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடையும் மட்டுமே வைத்து முடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு அந்தத் தலைமுறை மேல் பெரும் மதிப்பு வருகிறது. 1989இல் பூசா பாசுமதி 1 வெளியானது. பழைய பாசுமதி எக்டேருக்குச் சுமார் 2.5 டன் தந்த இடத்தில் இது 4.5 டன் தந்தது.

2005க்குப் பின் நிலைமை மாறியது. எந்த எட்டு எழுத்து என்று தெரிந்துவிட்டதால், நாற்றின் ஒரு துளி இலையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, மண வடிவம் இரண்டு பக்கமும் இருக்கிறதா, ஒரு பக்கம் மறைந்திருக்கிறதா, இல்லவே இல்லையா என்று சொல்லிவிடலாம். மூக்குக்குத் தெரியாத ‘மறைந்திருக்கும்’ செடியை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்; பயிர்ப் பெருக்கத்துக்கு அது பெரிய விடுதலை. அடையாள மரபணுக்களைப் பின்தொடரும் இதே உத்தியால் 2007இல் பூசா பாசுமதி 1க்குப் பாக்டீரியா இலைக்கருகல் எதிர்ப்பு ஊட்டப்பட்டது. அதற்கான இரண்டு மரபணுக்களில் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது.

வீரிய ஒட்டு நெல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. விவசாயி விதைப்பது முதல் தலைமுறை விதை. ஆனால் நாம் உண்பது அந்தச் செடியில் விளையும் மணி. அது இரண்டாம் தலைமுறை. பெற்றோரில் ஒன்றுக்கு மட்டும் மணமிருந்தால், ஒரே பானைச் சோற்றில் நான்கு மணிகளில் ஒன்றுதான் மணக்கும். அதனால் 2001இல் வெளிவந்த பூசா ஆர்.எச். 10 என்ற மணமுள்ள வீரிய ஒட்டு ரகத்துக்குப் பெற்றோர் இரண்டையுமே மணமுள்ளவையாகத் தேர்ந்தார்கள்.

பூசா 1121 பற்றி என் கருத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 2003இல் வெளிவந்த அந்த ரகத்தின் மணி வெந்தபின் 20 மில்லிமீட்டரைத் தாண்டி நீளும். ஏற்றுமதியில் பாசுமதியின் முகமாகவே அது ஆகிவிட்டது. விவசாயிகளுக்கு வருமானம் தந்த மகத்தான சாதனை அது. ஆனால் சந்தை நீளத்துக்கு விலை வைத்தபோது மணம் இரண்டாம் இடத்துக்குப் போனது. நீளத்தை அளவுகோலால் அளந்து விலை பேசலாம். மணத்தை அளக்க ஆய்வகம் வேண்டும். அளக்க எளிதானதே வெல்லும் என்ற நிலை பயிர்ப் பெருக்கத்துக்கு நல்லதல்ல. புதிய மண ரகம் எதையும் வெளியிடும்முன் 2ஏபி அளவையும் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

மரபணு இருந்தால் மட்டும் மணம் வந்துவிடாது என்பது இதற்கு இன்னொரு காரணம். பால் பிடிக்கும் நாட்களில் இரவு குளிர்ந்திருந்தால் மணம் கூடுகிறது; வெப்பம் மிகுந்தால் குறைகிறது. மழையும் பனியும் மாறும் பருவத்தில் கதிர்விடும் பாசுமதியை வேறு தட்பவெப்பத்தில் விதைத்தால் விதை அதேதான், மணம் அதேயல்ல. பாசுமதிக்கு 2016இல் கிடைத்த புவிசார் குறியீடு இமயமலை அடிவாரத்துச் சமவெளிகளோடு கட்டப்பட்டிருப்பதற்கு வணிகத்தைத் தாண்டிய அடிப்படை உண்டு. தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள துங் குலா ரோங்ஹாய் சமவெளி மணலும் உப்பும் கலந்த வறண்ட மண். அங்கு விளையும் ஜாஸ்மினுக்குத்தான் மணத்தில் பெயர். நீருக்குத் தவிக்கும் செடி புரோலினைச் சேர்க்கிறது. புரோலின்தான் 2ஏபியின் மூலப்பொருள். மகசூலைக் குறைக்கும் துன்பமே மணத்தைக் கூட்டுகிறது. அந்த மண்ணின் விவசாயிக்குக் கூடுதல் விலை கொடுப்பதுதான் நியாயம்.

மரபணுத் திருத்தம் வந்தபின் மணத்தை எந்த நெல்லிலும் உண்டாக்கலாம். ஒரு மரபணுவைப் பழுதாக்குவது இந்தக் கருவிக்கு மிக எளிய வேலை. சீன ஆய்வாளர்கள் 2015இல் நிப்பான்பாரே என்ற மணமற்ற ஜப்பானிய ரகத்தை மணக்க வைத்ததாக அறிவித்தார்கள். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், அம்பாசமுத்திரத்தில் உருவான ஏ.எஸ்.டி. 16 ரகத்தில் பேட்2ஐக் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் வெட்டி மணத்தை வரவழைத்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இட்லிக்குப் பேர்போன குண்டு அரிசி அது. நூற்றாண்டுகளாக விவசாயிகள் காத்த பழுதை இப்போது ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம்.

இந்த முன்னேற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் இதனால் பழைய ரகங்கள் தேவையற்றுப் போய்விடும் என்ற எண்ணத்தை ஏற்க மாட்டேன். வெந்த சோற்றின் ஆவியில் 200க்கும் மேற்பட்ட சேர்மங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. 2ஏபி அவற்றில் தலையானது, ஒன்றே ஒன்றல்ல. மகாராஷ்டிரத்தின் ஆம்பேமோகர், வங்கத்தின் கோபிந்தபோக், அசாமின் ஜோகா, வயநாட்டின் கந்தகசாலா, நம் சீரகச் சம்பா எல்லாம் ஒரே மணத்தின் நகல்கள் அல்ல. பேட்2 முழுமையாக இருந்தும் மணக்கும் ரகங்கள்கூட இருக்கின்றன. அவற்றின் மணத்துக்குக் காரணமான மரபணுக்களைத் தேட அந்த விதைகள் உயிரோடு இருக்க வேண்டும். ஏ.டி.டி. 43ஐயும் சீரகச் சம்பாவையும் ஒட்டுக் கட்டி 2019இல் வெளியிடப்பட்ட வி.ஜி.டி. 1 போன்ற ரகங்களுக்கும் தாய்விதை பழைய விதைதான்.

வாசகருக்கு ஒரு சொல். 2ஏபி எளிதில் ஆவியாகிவிடும் சேர்மம். அதிக வெப்பத்தில் உலர்த்தினாலும், புழுக்கினாலும், நாள்பட வைத்தாலும் அது குறைந்துகொண்டே போகும். பழைய பாசுமதி நன்றாக உதிரும், நீளும், ஆனால் மணம் குறைந்திருக்கும். இரண்டையும் ஒரே மூட்டையில் எதிர்பார்க்க முடியாது. மணம் வேண்டுமென்றால் அந்த ஆண்டு அறுவடையான பச்சரிசியா என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்து, சீக்கிரம் சமைத்துவிடுங்கள்.